கரவனெல்லவிலிருந்து மன்யோஷூவுக்கு

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் ஜப்பானிய மொழி படிக்கிற காலம் இது. 2022இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இலங்கையின் சிறு நகரங்களில் எந்த மதிலைப் பார்த்தாலும் டியூசன் விளம்பரங்களுக்கு நடுவே ஜப்பானிய வகுப்பு விளம்பரம் ஒன்று ஒட்டியிருக்கிறது. கரவனெல்ல பெரிய ஊரில்லை. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற பாதையோடு, கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாக இறங்கி வரும் பாதை வந்து சேருகிற இடம். ஆதார வைத்தியசாலை, களனி கங்கை, கடைத்தெரு, அதைச் சுற்றி ரப்பர் மலைகள். வெளிச்சம் வருமுன் பால் வெட்டப் போகிற தாய் தகப்பனின் பிள்ளைகள் இங்கிருந்து அவிசாவளைக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறி, ஹிராகானாவும் கத்தாக்கானாவும் எழுதப் பழகுகிறார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019இல் ஜப்பான் தன் கதவை வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. அதே ஆண்டில் இலங்கையோடும் உடன்படிக்கை செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவு பதனிடல், கட்டடத் துப்புரவு என்று பல துறைகள். ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையின் என்-4 நிலையில் அல்லது அதற்குச் சமமான ஒரு பரீட்சையில் தேறினால் வழி பிறக்கும். இரண்டு அறை லயத்திலிருந்து வெளியேற இருக்கிற வழிகளில் இது நேர்மையான வழி. இதைப் படிக்கிற பிள்ளைகள் மீது எனக்கு மரியாதை உண்டு. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அவர்கள் படிக்கிற படிப்பு சாதாரணமானதல்ல.

நான் இங்கே பேச விரும்புவது வேறொரு படிப்பைப் பற்றி. ஜப்பானிய மொழியையும் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டமாக எடுத்து நான்கு வருடம் படிப்பது. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் அந்தப் பட்டம் இருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளையிடம் நான் இதைச் சொன்னபோது, அவள் சட்டென்று கேட்டாள்: “சேர், நாலு வருசம் கதையும் பாட்டும் படிச்சி என்னா செய்றது? அந்த நேரத்துல பரீட்சை பாஸ் பண்ணிட்டுப் போயிட்டா வீட்டுக்கு ஒரு கூரையாவது போட்டுறலாமே.” நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில். பேச்சில் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு அது நீண்டுவிட்டது.

தோட்டத்துக்கு மொழிப் பாடநூல் புதிதல்ல. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் கொழும்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளருக்கு விளங்குகிற தமிழைத் துரைமார் கற்றுக்கொள்வதற்கான நூல். அதன் பெயரே ‘கூலித் தமிழ்’. அதற்கும் முன்பே ஃபெர்குசன் எழுதிய ‘இங்கே வா’ என்ற கையடக்க நூல் சின்னத்துரைமாரின் சட்டைப்பைகளில் இருந்தது. மு. நித்தியானந்தன் 2014இல் வெளிவந்த தம் ‘கூலித்தமிழ்’ நூலில் இந்த வகைப் புத்தகங்களை எடுத்து வைத்துப் பேசியிருக்கிறார். ஒரு மொழியை வேலை வாங்குவதற்கு மட்டும் கற்றால் அது எப்படிச் சுருங்கிப் போகும் என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று இல்லை. வா, போ, வெட்டு, தூக்கு, பேசாதே. துரை தமிழ் பேசினார். ஆனால் லயத்துக் காம்பராவில் ஒரு தாய் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடிய பாட்டு அவர் கற்ற தமிழுக்குள் வரவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பக்கத்திலேயே இருந்தும் அந்த மனிதர்கள் நம்மைக் கேட்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் வேலைக்காகக் கற்கும் ஜப்பானிய மொழி அதே உறவின் மறு முனை. கட்டளை இடுவதற்குப் பதிலாக, கட்டளையைப் புரிந்துகொண்டு நடப்பதற்கான மொழி. பாதுகாப்பு அறிவிப்பு, மருந்தின் பெயர், மேற்பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்கும் முறை எல்லாம் அவசியம்தான். ஆனால் முதியோர் இல்லத்தில் நம் பிள்ளை குளிப்பாட்டிச் சோறூட்டப் போகிற கிழவிக்கு எண்பது தொண்ணூறு வயது. போரையும் பஞ்சத்தையும் சிறுமியாகக் கண்டவள். ஊர்ப் பேச்சில்தான் பேசுவாள். பாடநூலின் டோக்கியோ மொழி அவள் வாயில் வராது. அவளுடைய பேச்சுக்குள் நுழையப் பரீட்சைச் சொற்பட்டியல் போதாது. அவள் சிறு வயதில் கேட்ட பாட்டும், அவள் தலைமுறை படித்த கதையும் வேண்டும். நான் இலக்கியம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தமிழ் பேசுகிறவருக்கு ஜப்பானிய இலக்கணம் அந்நியமாகத் தோன்றாது. எழுவாய் முன்னே, வினை கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். நாம் ‘செய்து பார்’, ‘செய்து வை’, ‘செய்துவிடு’ என்று துணைவினை சேர்க்கிற இடங்களில் ஜப்பானியரும் பார்ப்பது, வைப்பது, முடித்துவிடுவது என்ற பொருள் தரும் வினைகளையே சேர்க்கிறார்கள். பிறர் சொன்னதை ‘என்று’ போட்டு முடிப்பது போல அவர்களுக்கும் ஓர் இடைச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கத் தடுமாறும் நம் பிள்ளைகள் ஜப்பானிய மொழியில் சரளமாக வாக்கியம் அமைப்பதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். கஷ்டம் எழுத்தில்தான். ஹிராகானாவில் 46, கத்தாக்கானாவில் 46 என்று அடிப்படை எழுத்துகளைத் தாண்டினால் கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 சித்திர எழுத்துகள். பலவற்றுக்குச் சீன வழி ஓசை ஒன்று, உள்ளூர் ஓசை ஒன்று, சிலவற்றுக்கு அதற்கும் மேல். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. கையால் எழுதி எழுதித்தான் வரும்.

இந்த இலக்கண ஒற்றுமையிலிருந்துதான் தமிழருக்கும் ஜப்பானிய மொழிக்கும் இடையிலான மிகப் பெரிய கல்வி உறவு பிறந்தது. டோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழி தமிழோடு உறவுடையது என்ற கருதுகோளை எடுத்துப் பல பத்தாண்டுகள் உழைத்தார். சென்னையிலிருந்து பொன். கோதண்டராமனும், யாழ்ப்பாணத்திலிருந்து அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து பணியாற்றினார்கள். ஜப்பானின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான மன்யோஷூவின் காதற் பாடல்களைச் சங்க அகப்பாடல்களின் பக்கத்தில் வைத்து மனோன்மணி சண்முகதாஸ் தமிழில் தந்தார். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஓனோ 2008இல் மறைந்தார். அவருடைய கருதுகோளை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் அது நிறுவப்பட்டதாக நினைக்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதற்கு இரத்த உறவு அவசியமில்லை. சிங்களமும் இதே வரிசையில்தான் பேசுகிறது, அது வட இந்தியக் குடும்பத்து மொழி.

எனக்கு இதில் இருக்கும் வருத்தம் வேறு. தமிழர்களாகிய நாம் அந்தக் கருதுகோளைத் தூக்கிப் பிடித்த அளவுக்கு அந்த இலக்கியத்தைத் தூக்கிப் படிக்கவில்லை. மேடைக்கு மேடை ஓனோவின் பெயர் ஒலித்தது. ஜப்பானிய மொழியிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்த நாவல்களைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. முரகாமி, கவபாத்தா, ஏன், நம் பிள்ளைகள் விரும்பிப் படித்த ‘டோட்டோ-சான்’ வரைக்கும் ஆங்கிலத்தின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தன. பாரதி 1916இலேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். நூறு ஆண்டுக்கு மேல் கடந்தும் நாம் அவர் நின்ற இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை. மறுபக்கம் பாருங்கள்: நொபொரு கராஷிமா தமிழ் கற்றுச் சோழர் கல்வெட்டுகளுக்குள் வாழ்ந்தார், தகனொபு தகஹாஷி சங்க இலக்கியத்தின் இலக்கணத்தையே ஆராய்ந்தார், திருக்குறள் ஜப்பானிய மொழியில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பெயர்க்கப்பட்டிருக்கிறது. அவர்கள் தமிழில் தமிழரைத் தேடினார்கள். நாம் ஜப்பானிய மொழியிலும் தமிழரையே தேடினோம்.

சிங்கள இலக்கியத்துக்கு இந்தக் குறை இல்லை. எதிரிவீர சரச்சந்திர 1950களில் ஜப்பான் போய்க் கபுக்கியையும் நோவையும் பார்த்துவிட்டு வந்தார். 1956இல் அவருடைய ‘மனமே’ நாடகம் மேடையேறியது. ஜப்பானைக் களமாகக் கொண்டு ‘மளகிய எத்தோ’, ‘மளவுன்கே அவுருது தா’ என்று இரண்டு நாவல்கள் எழுதினார். படித்த சிங்களக் குடும்பங்களில் அந்தக் கதையின் நாயகி நொரிக்கோவின் பெயர் இன்றும் ஒரு பழைய காதலின் பெயர். பேராசிரியர் ஆரிய ராஜகருணா ஜப்பானிய இலக்கியத்தைச் சிங்களத்துக்குத் தொடர்ந்து கொண்டுவந்தார். எதிர்த் திசையில் தடாஷி நொகுச்சி என்ற ஜப்பானியர் மார்ட்டின் விக்ரமசிங்கவைத் தம் மொழிக்கு எடுத்துப் போனார், சிங்கள அகராதியும் தொகுத்தார். ஆகவே களனியில் ஜப்பானிய மொழி படிக்கப் போகிற மாணவிக்குப் பின்னால் ஒரு மரபு நிற்கிறது. அந்த மரபு சிங்களத்தில் நிற்கிறது.

இதைத் தமிழ் மாணவிக்குத் தடை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் மாறாக நினைக்கிறேன். சப்ரகமுவத் தோட்டத்துத் தமிழரின் நிலைமை யாழ்ப்பாணத்தாருடையதோ நுவரெலியாவினருடையதோ அல்ல. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் நாம் சிதறிக் கிடக்கிறோம். ஒரு மலையில் நாற்பது லயம், அடுத்த மலையில் சிங்களக் கிராமம், நடுவில் ஒரே கடை, ஒரே பஸ். நம் பிள்ளைகளில் பலர் சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்களும் வீதியில் சிங்களம் பேசி வளர்ந்தவர்கள். இதை நாம் இழப்பாகவே எண்ணிப் பழகிவிட்டோம். தமிழ் கெட்டுப்போகிறது, அடுத்த தலைமுறை சிங்களமாகிவிடும் என்ற பயம் பொய்யானதல்ல. ஆனால் இந்த ஒரு படிப்பைப் பொறுத்தவரை அந்த இரு மொழி வாழ்க்கை சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இல்லாத வசதி. சரச்சந்திரவைச் சிங்களத்திலேயே படிக்கலாம். ராஜகருணாவின் மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டு, அவர் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார் என்று பார்க்கலாம். பிறகு அதைத் தமிழில் தன் முடிவாகச் செய்யலாம். ஆங்கிலத்தைத் தொடாமல் ஜப்பானிய இலக்கியம் தமிழுக்கு வர முடியுமென்றால், அது வருவதற்கு மிகப் பொருத்தமான கை கரவனெல்லப் பக்கத்துப் பிள்ளையின் கைதான். நம் ஊரைத் தாண்டி ஓடுகிற களனி கங்கை அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. தூரமும் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்.

சரி, அங்கே போய்ப் படிப்பது எதை? கெஞ்சியின் கதையை, பாஷோவை, சோசெகியைப் படிப்பார்கள். உலகம் முழுவதும் அவர்களைப் படிக்கிறது, நம் பிள்ளையும் படிக்கட்டும். நான் சொல்ல விரும்புவது உலகம் அதிகம் பேசாத, நமக்கு மிக நெருங்கிய ஜப்பானைப் பற்றி.

1980களில் ரூபவாஹினியில் ‘ஒஷின்’ என்ற ஜப்பானியத் தொடர் ஓடியது. அந்தத் தொலைக்காட்சி நிலையமே ஜப்பானின் உதவியில் 1982இல் எழுந்தது. யமகத்தா மாகாணத்தின் பனி மலையில் ஒரு குத்தகைக் குடியானவனின் மகள், ஒரு மூட்டை அரிசிக்காக, எழுதப் படிக்கத் தெரியாத சிறு வயதில், ஒரு மரக்கடை வீட்டுக்குப் பிள்ளை தூக்கப் போகிறாள். தொலைக்காட்சி உள்ள ஒரு வீட்டின் வாசலில் கூடி நின்று அதைப் பார்த்த தோட்டத்துப் பெண்கள் அழுதார்கள். அவர்கள் ஜப்பானுக்காக அழவில்லை. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட தங்கள் மகள்களுக்காக அழுதார்கள், சிலர் தங்களுக்காகவே. எந்த விமர்சகரும் சொல்லித் தராமல் அவர்கள் ஒரு நாட்டின் வறுமையை இன்னொரு நாட்டின் வறுமையோடு சேர்த்துப் படித்தார்கள்.

அந்த வாசிப்பை இலக்கியத்தில் தொடர்ந்தால் கொபயாஷி தகிஜி வருவார். வடகடலில் நண்டு பிடித்து அந்தக் கப்பலிலேயே டின்னில் அடைக்கிற தொழிலாளரைப் பற்றி 1929இல் ‘கனிகோசென்’ எழுதியவர். அந்தக் கப்பல் சட்டப்படி கப்பலும் அல்ல, தொழிற்சாலையும் அல்ல. அதனால் எந்தச் சட்டமும் அதற்குள் நுழையவில்லை. 1933 பெப்ரவரியில் பொலிஸார் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். வயது 29. 2008இல், நிரந்தர வேலை இல்லாத ஜப்பானிய இளைஞர்கள் அதே நாவலைத் தேடி வாங்கி மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஹொசோய் வாகிசோ இன்னொருவர். பஞ்சாலையில் வேலை பார்த்த மனிதர். பெண் தொழிலாளர்களின் துயரத்தை ‘ஜோகோ அய்ஷி’ என்ற நூலாக எழுதினார். 1925இல் அது வெளிவந்தது, அந்த ஆண்டிலேயே அவர் இறந்தார். பெண்களைக் கிராமத்திலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்து வருவது, விடுதியில் அடைப்பது, கடன் தீரும் வரை விடாதது என்று அவர் எழுதிச் செல்கிற ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் துண்டு முறை, பெரிய கங்காணி, பற்றுச்சீட்டு என்று சொந்தப் பெயர்கள் உண்டு. அந்தப் பெண்கள் ஆலையில் பாடிய பாட்டுகளையும் அவர் தொகுத்துச் சேர்த்தார். நம்மிடம் சி. வி. வேலுப்பிள்ளை செய்த வேலை அது. ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பையும் ஹொசோயின் தொகுப்பையும் ஒருவர் மூல மொழிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்னென்ன வெளிவரும் என்று நினைக்கும்போதே எனக்கு மனம் பரபரக்கிறது.

இதை எழுதும்போதே ஒரு தயக்கமும் வருகிறது. ஓனோவின் கருதுகோளைக் கொண்டாடியவர்கள் ஜப்பானில் தமிழைத் தேடினார்கள் என்று குறைபட்டேன். நான் ஜப்பானில் தோட்டத்தைத் தேடுகிறேன் அல்லவா? இரண்டும் ஒரே ஆசையின் இரண்டு உருவங்கள்தானே?

மன்யோஷூவின் ஐந்தாம் பகுதியில் யமனோயே நோ ஒக்குரா எழுதிய, வறுமையைப் பற்றிய உரையாடல் பாடல் ஒன்று இருக்கிறது. மழையும் பனியும் கலந்து பெய்கிற இரவில் ஒரு ஏழை, தன்னைவிட ஏழையானவனிடம் எப்படி வாழ்கிறாய் என்று கேட்கிறான். மற்றவன் பதில் சொல்கிறான். சாய்ந்த குடிசை, வெறும் நிலத்தில் விரித்த வைக்கோல், தலைமாட்டில் பெற்றோர், கால்மாட்டில் பெண்டாட்டி பிள்ளைகள், அடுப்பில் நெருப்பு இல்லை, பானையில் சிலந்தி வலை. இத்தனைக்கும் மேல் கிராமத் தலைவன் கையில் பிரம்போடு படுக்கிற இடம் வரை வந்து வரி கேட்டுக் கத்துகிறான். இதைப் படிக்கிற எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் லயத்து வாசலில் நின்று பெரட்டுக்குக் கூப்பிட்ட குரல் காதில் விழும். பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முந்திய கவிதை நம் பாட்டனின் வாக்குமூலமாக மாறிவிடும்.

அங்கேயே நின்றுவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். ஒக்குரா அந்த ஏழை அல்ல. அவர் அரச அதிகாரி. 702இல் சீனத்துக்குப் போன தூதுக் குழுவில் இருந்தவர். பின்னாளில் கியூஷூவில் சிக்குசென் மாகாணத்தின் ஆளுநர். அந்தப் பிரம்பு கடைசியில் யாருடைய அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அசைந்ததோ, அந்த அதிகாரத்தின் படிக்கட்டில் அவரும் ஒரு படியில் நின்றவர். சீன நூல்களைக் கரைத்துக் குடித்தவர். அந்தக் கவிதையில் சீன மரபும் பௌத்தமும் கலந்திருக்கின்றன. அப்படியானால் அந்த ஏழையின் குரல் எவ்வளவு ஏழையுடையது, எவ்வளவு ஆளுநருடையது? பாடல் பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் அது முன்பைவிடக் கனமாகும், சங்கடமாகும். தோட்டத்துத் துரை ஒருவர் லயத்தைப் பற்றி மனமுருகி ஒரு நல்ல கவிதை எழுதியிருந்தால் நாம் அதை எப்படிப் படிப்போம் என்ற கேள்வியை அது நம் முன் வைக்கும். மொழிபெயர்ப்பில் ஒரு பக்கமாகப் படிக்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது. வகுப்பறையில் உட்கார்ந்து, பழைய இலக்கணத்தைக் கற்று, சீன எழுத்தைச் சில இடங்களில் பொருளுக்கும் சில இடங்களில் ஓசைக்கும் பயன்படுத்திய அந்த விசித்திர எழுத்துமுறையில் வரி வரியாக நடந்து, பாடலுக்கு முன்னும் பின்னும் உள்ள குறிப்புகளையும் விடாமல் படிக்கிறவருக்கு வரும். நான்கு வருடம் எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு என் முதல் பதில் இதுதான். நம்மைப் போலவே இருக்கிறார்களே என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதற்கு ஓர் இரவு போதும். அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள நான்கு வருடமும் காணாது.

அவர்கள் யார் என்று தெரிந்துகொள்வதில் 1942ஐயும் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலாயாவின் ரப்பரும், அடுத்த மாதம் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் ரப்பரும் நேச நாடுகளின் கையை விட்டுப் போயின. ஏப்ரல் 5ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. ரப்பருக்கு இலங்கையை நம்பியிருக்க வேண்டிய நிலை வந்ததும், மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை உரித்துப் பால் எடுத்தார்கள். களனிப் பள்ளத்தாக்கின் மலைகளில் அந்தக் கத்தியைப் பிடித்த கை நம் முன்னோருடையது. அதே காலத்தில், அதே வேலை தெரிந்த, அதே ஊர்களிலிருந்து கப்பலேறிய தமிழர்களை மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய இராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனது. 415 கிலோமீற்றர். காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்ன’மும் மலேசியத் தமிழில் அந்தச் சாவைப் பதிந்திருக்கின்றன.

அந்தப் பாதையில் இராணுவப் பொலிஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் தகாஷி நகாசே. ஆங்கிலம் படித்த இளைஞர். கைதிகளைச் சித்திரவதை செய்த அறையில் கேள்வியை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிச் சொல்வது அவர் வேலை. போருக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் தாய்லாந்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பிராயச்சித்தம் தேடினார். அவருக்கு ஒரு மொழி தெரிந்திருந்தது. அந்த மொழி அவரை என்ன செய்ய வைத்தது, பின்பு எதற்குப் பயன்பட்டது என்பதை மொழி படிக்கிற ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். அந்த ரயில் பாதையைப் பற்றி ஜப்பானியர் தங்களுக்குள் என்ன எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பதைத் தமிழில் ஒருவர் மூலத்திலிருந்து படித்துச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. செத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அவர்களுக்காகக் கேட்க ஜப்பானிய மொழி தெரிந்த தமிழ் வாசகர் ஒருவராவது வேண்டாமா?

வயிற்றுப் பாட்டையும் மறைக்கக் கூடாது. தோட்டத்துப் பிள்ளை உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தால் பெரும்பாலும் தமிழ், இந்து நாகரிகம், புவியியல் என்றுதான் பாடங்கள் அமைகின்றன. ஜப்பானிய மொழி உயர்தரப் பாடங்களில் ஒன்று என்பதே பல வீடுகளில் தெரியாது. பல்கலைக்கழகம் இலவசம் என்றாலும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமல்ல. மகாபொல உதவிப் பணம் மாதக் கடைசி வரை வராது. பட்டம் முடித்தபின் சுற்றுலா, நிறுவன மொழிபெயர்ப்பு, ஆசிரியர் வேலை, ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் என்று வழிகள் உண்டு. என்-4ஓடு போகிறவருக்கும் அதைவிட உயர்ந்த என்-1ஓடு போகிறவருக்கும் அங்கே கிடைக்கிற வேலையும் மரியாதையும் ஒன்றல்ல. இதையெல்லாம் அந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் சொன்னேன். “படிக்கட்டும் ஐயா, ஆனா தம்பிமாரும் இருக்காங்களே” என்றார். அந்த வீட்டின் கணக்கு எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த வேண்டியவர்கள் பாடசாலைகளும், மலையகத்தின் பெயரில் அமைச்சும் அறக்கட்டளையும் நடத்துகிறவர்களும். வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு நான்கு வருடச் சாப்பாட்டுச் செலவு தர முடிந்தால், பதின்மூன்று வருடத்தில் ஜப்பானிய மொழியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரக் கூடிய பத்துப் பேர் நம்மிடம் இருப்பார்கள். இன்று தமிழகம் முழுவதையும் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கை பெரிய செல்வம்.

அவர்களில் முதலாமவரிடம் நான் ஒரு வேலை கேட்பேன். மன்யோஷூவின் இருபதாம் பகுதி. 755ஆம் ஆண்டில் கிழக்கு மாகாணங்களின் குடியானவர்களைப் பிடித்து, நனிவா துறைமுகத்தில் கூட்டி, கப்பலேற்றி, மேற்குக் கரையைக் காக்க மூன்று வருடக் காவலுக்கு அனுப்பினார்கள். சக்கிமோரி என்று அவர்களுக்குப் பெயர். தாயையும் மனைவியையும் விட்டுப் புறப்பட்ட அந்த மனிதர்களின் பாடல்கள் அவர்களுடைய சொந்தக் கிழக்குப் பேச்சில், பாடியவர் பெயரும் ஊரும் சேர்த்து அந்தப் பகுதியில் பதிவாகியிருக்கின்றன. தலைமன்னாரைத் தாண்டி மாத்தளைக்கு நடந்த நம் ஆட்களின் பாட்டுகள் பல நம்மிடம் இருக்கின்றன, ஒன்றிலும் பாடியவர் பெயர் இல்லை. அந்தப் பெயர்களுக்காகவே எனக்கு அந்தப் பகுதி வேண்டும். கிழக்குப் பேச்சைப் புத்தகத் தமிழில் போடக் கூடாது. தோட்டத்துத் தமிழில், நம் அப்பத்தாக்கள் பேசிய தமிழில் போட வேண்டும். மாகாண அதிகாரிகள் சேகரித்துக் கொடுத்த பாடல்கள் 166. தொகுத்த ஓத்தோமோ நோ யகமோச்சி அரசவைப் பிரபு. நயமில்லாதவை என்று தோன்றியவற்றைச் சேர்க்கவில்லை என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். மிஞ்சியவை 84. அவர் காதுக்கு எது நயமாகப் பட்டது, ஏற்றுக்கொண்ட பாடல்களை வைத்து அவர் தள்ளிய 82ஐப் பற்றி என்ன ஊகிக்கலாம் என்பது நான்காம் வருட ஆய்வேட்டுக்கு நல்ல தலைப்பு. அந்தப் பிள்ளையிடம் இதையும் சொல்லியிருக்கிறேன்.